வயலில் நடந்து சுட எந்த ஷாட்கன்?

கேள்வி இது: இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் கோதுமையும் சர்க்கரை பீட்டும் விளையும் ஒரு பண்ணை. அங்கே நாயோடு நடந்துபோய், எழும் பறவையையும் ஓடும் குழிமுயலையும் சுட உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறார். கேட்பவர் கிளே தட்டு (இயந்திரம் வீசும் களிமண் இலக்கு) சுட்டுப் பழகியவர்; இதுவரை கையில் எடுத்ததெல்லாம் கிளப் துப்பாக்கி. சொந்தமாக ஒன்று வேண்டும், ஆயிரம் பவுண்டுக்குள். 12 போரா, 20 போரா (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு)? குழல்கள் பக்கத்தில் பக்கமாகவா, மேலும் கீழுமாகவா? என்ன சோக் (குழல் முனையின் குறுக்கம்)? பழையது வாங்கலாமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 12 போர், 70 மில்லிமீட்டர் அறை (தோட்டா உட்காரும் இடம்), 28 அங்குலக் குழல், தோட்டா இல்லாத எடை 3 முதல் 3.3 கிலோ, முதலில் வெடிக்கும் குழலில் கால் சோக் அல்லது அதைவிடத் தளர்ந்தது, அடுத்ததில் அரை சோக். தோளில் வைக்கும் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பழையதே வாங்குங்கள், ஆனால் ஸ்டீல் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) சுடத் தகுந்த பழையதாக. இதில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் பிராண்டை விடுங்கள், குழல் அமைப்பை விடுங்கள், மரத்தின் அழகை விடுங்கள். எடையையும் பொருத்தத்தையும் விடாதீர்கள்.

எடையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்த வேட்டையில் துப்பாக்கியைச் சுடும் நேரத்தைவிடச் சுமக்கும் நேரம்தான் அதிகம். கிளே மைதானத்தில் இடத்தில் நின்று, "புல்" என்று நீங்கள் சொன்ன பிறகே தட்டு பறக்கும். 3.7 கிலோ துப்பாக்கி அங்கே உதைப்பை விழுங்கிக்கொண்டு ஒரே சீராகச் சுழலும். அதே துப்பாக்கியோடு மழையில் ஊறிய உழவு வயலில், பூட்ஸில் ஆளுக்கு ஒரு கிலோ களிமண் ஒட்டிக்கொண்டிருக்க, நான்கு மணி நேரம் நடந்து பாருங்கள். நாயின் வால் விறைத்து, பீட் இலைக்கடியிலிருந்து, காட்டுக்கோழி போன்ற ஃபெசன்ட் சேவல் கத்திக்கொண்டு எழும்போது குழல் முனை முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். தோளுக்கு வர அரை நொடி பிந்தினால் பறவை பத்து கஜம் தள்ளிப்போயிருக்கும்.

அதற்காக எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். பர்மிங்ஹாமின் துப்பாக்கி உற்பத்தியாளர் கிரீனர் பெயரில் வழங்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப்போல 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும். 28 கிராம் தோட்டாவுக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு 3.07 கிலோ, 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரை. அதற்குக் கீழே போனால் உதைப்பு தோளையும் கன்னத்தையும் பதம்பார்க்கும். மூன்றாவது வெடியிலிருந்தே கண் தானாக மூடிக்கொள்ளும். இலேசானதற்கு இன்னொரு குறையும் உண்டு. அலாய் உடல் வைத்த இரண்டரைக் கிலோ துப்பாக்கி சட்டென்று எழும், சட்டென்று நின்றும்விடும். விசையை இழுக்கும் கணத்தில் சுழற்சி நின்றால் ரவை பறவைக்குப் பின்னால்தான் போகும். வயலில் தவறும் வெடிகளில் பெரும்பாலானவை இப்படித் தவறுபவைதான்.

இனி போர். போர் எண் என்பது, குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் ஈய உருண்டை எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதைச் சொல்லும். அதனால் எண் ஏற ஏறக் குழல் சிறுத்துப்போகும்: 12 போர் 18.5 மி.மீ., 20 போர் 15.6, 28 போர் 14. நானூற்றுப்பத்து என்று அழைக்கப்படும் .410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலக் கணக்கிலேயே விட்டம், சுமார் 10.4 மி.மீ. ஈய ரவை மட்டும் இருந்த காலத்தில் 12-க்கும் 20-க்கும் நடுவே தேர்வு வெறும் விருப்பம் சார்ந்தது. 20 போரில் 26 அல்லது 28 கிராம் 6-ஆம் எண் ரவை போட்டால் 35 கஜம் வரை ஃபெசன்டுக்குப் போதும், துப்பாக்கியும் அரைக் கிலோ குறையும். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன்.

இப்போது கணக்கு மாறிவிட்டது. பிரிட்டனின் வேட்டை அமைப்புகள் 2020 பிப்ரவரியிலேயே ஐந்து ஆண்டுகளில் ஈயத்தைத் தாமாகக் கைவிடுவதாக அறிவித்தன. எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. 2025 ஜூலையில் அரசே ஈயத் தோட்டாவைத் தடைசெய்யும் முடிவை அறிவித்து, மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் என்றது. இங்கிலாந்தில் காட்டு வாத்துக்கு ஈயம் சுடுவது 1999 முதலே சட்டவிரோதம். பண்ணைக் குட்டையிலிருந்து ஒரு மல்லார்ட் வாத்து எழுந்தால், பையில் ஃபெசன்டுக்காக வைத்த ஈயத் தோட்டாவால் அதைச் சுடக்கூடாது. ஆக இன்று வாங்கும் துப்பாக்கி அதன் ஆயுளின் பெரும்பகுதியில் ஸ்டீலைத்தான் சுடப்போகிறது.

ஸ்டீலின் அடர்த்தி ஈயத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். ஒரே பருமனுள்ள ரவையில் ஸ்டீல் சீக்கிரம் வேகமிழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவைக்குப் போக வேண்டும் (எண் குறையக் குறைய ரவை பெரிது): ஈயத்தில் 6 என்றால் (2.6 மி.மீ.) ஸ்டீலில் 4 (சுமார் 3.1 மி.மீ.). ரவை பெரிதானாலும் இலேசு என்பதால் ஒரு தோட்டாவிலுள்ள எண்ணிக்கை அதிகம் குறையாது. அது அடைக்கும் இடம்தான் கூடும். அந்த இடம் 12 போர் தோட்டாவில் இருக்கிறது, 20 போரில் நெருக்கடி. அதனால்தான் இன்று 12 என்கிறேன். 20 போர்தான் வேண்டும் என்றால் 76 மி.மீ. அறை உள்ளதாக, ஸ்டீலுக்கான முத்திரை உள்ளதாக எடுங்கள். தூரத்தை 30 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 28 போரும் .410-உம் கைதேர்ந்தவர்களுக்கு. .410-ஐச் சிறுவர்களின் முதல் துப்பாக்கி என்பார்கள். ரவை குறைவு, பிழைக்கு இடமே இல்லை. இருப்பதிலேயே கடினமான கருவியைக் கற்றுக்குட்டியின் கையில் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ.

குழல் அமைப்புக்கு வருவோம். பக்கம் பக்கமாகக் குழல் உள்ளதைச் சுருக்கமாக இணைக்குழல் என்றும், மேலும் கீழுமாக உள்ளதை அடுக்குக்குழல் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இணைக்குழல் இந்த வேலைக்கென்றே பிறந்தது. எடை 2.9 முதல் 3.1 கிலோ, அகலம் குறைவாக மடிவதால் புதர் ஓரத்தில் தோட்டா மாற்றுவது எளிது, திறந்த நிலையில் முன்கையில் தொங்கவிட்டு நடக்க இதைவிட வசதியானது இல்லை. அடுக்குக்குழல் சற்றுக் கனம், வயல் மாடல்கள் 3.2 முதல் 3.4 கிலோ. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரே குறுகிய குழல்தான் தெரியும். கிளேயில் அதிலேயே பழகியவருக்கு இது சிறிய விஷயமில்லை. இணைக்குழலுக்கு மாறுபவர்களின் பார்வை முதல் பருவம் முழுக்க அந்த அகலத்தில் இடறும். உங்கள் கை அடுக்குக்குழலில் ஊறியிருந்தால் அதிலேயே இருங்கள். ஸ்டீலுக்குத் தகுதியான மலிவான பழைய துப்பாக்கிகளும் அடுக்குக்குழலில்தான் அதிகம் கிடைக்கின்றன.

ஒற்றைக் குழலோடு, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ பற்றியும் கேட்பார்கள். உதைப்பு குறைவு, விலை குறைவு. காவல்துறை தரும் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்க, அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது, அது கழற்ற முடியாததாகவும் இருக்க வேண்டும். அறையில் ஒன்றோடு மொத்தம் மூன்று வெடி. தனியாகப் புறா சுடுபவருக்கு அது போதும். வரிசையாக நடக்கும்போது சிக்கல் வேறு: மடக்கித் திறந்த துப்பாக்கி காலி என்று இருபது கஜத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும், செமி ஆட்டோ காலி என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பல பண்ணைகளில் அதை வரவேற்பதில்லை. காலித் தோட்டாக்கள் புல்லுக்குள் தெறித்துவிழும், ஒவ்வொன்றையும் தேடிப் பொறுக்க வேண்டும் என்பது தனிக் கதை.

காலித் தோட்டா பேச்சு வந்ததால் எஜெக்டரையும் சொல்லிவிடலாம். திறந்ததும் வெடித்த தோட்டாவை வெளியே வீசும் அமைப்பு அது. பறவைகளை ஆள் வைத்து விரட்டி, கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் அனுப்பும் வேட்டையில் வேகம் முக்கியம்; அங்கே எஜெக்டர் தேவை. நடந்து சுடும்போது ஒரு மணிக்கு நான்கு வெடி விழுந்தால் நல்ல நாள். எஜெக்டர் இல்லாததில் தோட்டா அரை விரற்கடை மேலெழும், விரலால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். விலையும் குறைவு, பழுதாக ஒரு பாகமும் குறைவு. சந்தையில் இதைக் குறையாகக் கருதி விலை தள்ளுவதால் உங்களுக்கு ஆதாயம்.

சோக் என்பது குழல் முனையில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் குறுக்கியிருப்பது. அது ரவைக் கூட்டம் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்பதுதான் அளவு: குறுக்கமே இல்லாத சிலிண்டர் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, கால் 55, அரை 60, முக்கால் 65, முழு 70. 28 கிராம் 6-ஆம் எண் ஈயத்தில் சுமார் 270 ரவை. ஃபெசன்டை உறுதியாக வீழ்த்த அந்த வட்டத்துக்குள் 120 அளவில் விழ வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இம்ப்ரூவ்டு சிலிண்டரே 40 கஜத்தில் 135 தருகிறது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காதவர்கள்தான் முழு சோக்கைத் தேடி அலைகிறார்கள்.

இறுக்கமான சோக் உண்மையில் கெடுப்பது கிட்டத்தில். நடந்து எழுப்பும் பறவை பெரும்பாலும் 15 முதல் 25 கஜத்தில் கிளம்பும். 20 கஜத்தில் முழு சோக்கின் விரிவு சுமார் 16 அங்குலம்தான். இம்ப்ரூவ்டு சிலிண்டருடையது 26. முழு சோக்கில் ஒன்று தவறுவீர்கள், இல்லை கறியைச் சாப்பிட முடியாதபடி கிழித்துவிடுவீர்கள். பறவை உங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருப்பதால் முதல் வெடி தளர்ந்த குழலிலும், அதற்குள் 35 கஜம் போய்விட்ட பறவைக்கான இரண்டாவது இறுகிய குழலிலும் இருக்க வேண்டும். இணைக்குழலில் முன் விசை வலக் குழலை வெடிக்கும்; வழக்கமாக அதுதான் தளர்ந்தது. அடுக்குக்குழலில் வழக்கமாகக் கீழ்க்குழல் முதலில்.

பருவமும் கணக்கில் வரும். இங்கிலாந்தில் கவுதாரி செப்டம்பர் 1 முதல், ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல், இரண்டும் பிப்ரவரி 1 வரை. தொடக்கத்தில் பீட் இலை அடர்த்தியாக நிற்கும். பறவை காலடியில் கிளம்பும். ஜனவரியில் பீட்டை அறுத்து வயல் மொட்டையாகிவிடும். பிழைத்திருக்கும் சேவல் நான்கு மாதம் படித்த சேவல், கார் கதவுச் சத்தத்துக்கே அடுத்த வயலுக்குப் போய்விடும். சோக்கைக் கழற்றி மாற்றும் வகைத் துப்பாக்கி இங்கே உதவும்: அக்டோபரில் இம்ப்ரூவ்டு சிலிண்டரும் கால் சோக்கும், ஜனவரியில் கால் சோக்கும் அரையும். மாற்றினால் திருகை முழுதும் இறுக்குங்கள், ஒரு நாள் வேட்டைக்குப் பின் மீண்டும் சரிபாருங்கள். திருகு கழன்ற சோக்கின் பின்விளிம்பில் ரவை மோதினால் சோக்கும் போகும், குழல் முனையும் போகும். சோக் இல்லாமல் வெறும் மரையோடு சுடவே கூடாது.

இரண்டு விசையா, ஒன்றா? இரண்டு விசை உள்ளதில், 35 கஜத்தில் எழும் பறவைக்கு நேரே பின் விசைக்கு விரலைக் கொண்டுபோய் இறுகிய குழலைச் சுடலாம். ஒற்றை விசையில் அதற்கு ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். பரபரப்பில் யாரும் தள்ளுவதில்லை. தடித்த கையுறை போடுபவராக இருந்தால் ஒற்றை விசையே மேல். உதைப்பால் அடுத்த குழலுக்கு மாறும் ஒற்றை விசைகளில் ஒரு தொல்லை: மிக இலேசான தோட்டா போட்டாலோ, முதல் குழலில் தோட்டா வெடிக்காமல் போனாலோ இரண்டாவது வேலை செய்யாது.

சேஃப்டி திறந்து மூடும்போது தானாகப் பின்னுக்கு வரும் வகையாக இருப்பது வயலுக்கு நல்லது. கிளே துப்பாக்கிகளில் அது தானாக வராது; அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் கவனிக்க. பெரும்பாலான சேஃப்டிகள் விசையை மட்டும் பூட்டுகின்றன. உள்ளே சுத்தியல் ஏற்றிய நிலையிலேயே நிற்கிறது, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். உயிர்வேலியைத் தாண்டும்போதும், வாய்க்காலைத் தாண்டும்போதும், கேட் ஏறும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டையின் பொருத்தத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ஷாட்கனில் குறிபார்ப்பதில்லை, பின்காட்சியாக இருப்பது உங்கள் கண்தான். கன்னம் கட்டையில் படியும் இடம் கால் அங்குலம் மாறினால் வெடி போகும் இடம் மாறும். கடையில் கிடைக்கும் கட்டைகள் விசையிலிருந்து, தோளில் படியும் அடிமட்டை வரை பெரும்பாலும் 14½ அங்குலம். 5 அடி 5 அங்குலம் உயரமுள்ளவருக்கு இது நீளம். 14 அல்லது அதற்கும் குறைவாக வெட்ட வேண்டியிருக்கும். நம்மவர்கள் பலர் இதை உணராமல் நீளமான கட்டையோடு போராடி, "எனக்குச் சுட வரவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கோடையில் டி-ஷர்ட்டோடு கடைக்குப் போய் அளவு பார்க்காதீர்கள். ஜனவரியில் போடப்போகும் ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் எடுத்துப் போய் மாட்டிக்கொண்டு தோளேற்றிப் பாருங்கள். அடிமட்டையில் ஒட்டும் ரப்பர் இருந்தால் கோட்டின் அக்குளில் மாட்டும். வழுவழுப்பான மட்டையோ தோல் உறையிட்டதோ நல்லது.

கண்ணையும் சோதியுங்கள். இரு கண்ணையும் திறந்து தூரத்திலுள்ள ஒரு பொருளை விரலால் சுட்டுங்கள், இடக்கண்ணை மூடுங்கள். விரல் அதே இடத்தில் நின்றால் வலக்கண் ஆள்கிறது. விரல் தள்ளித் தெரிந்தால் இடக்கண் ஆள்கிறது. வலத்தோளில் சுடும்போது அதைச் சற்று மூடிப் பழக வேண்டும், அல்லது இடத்தோளுக்கே மாற வேண்டும். வலக்கையாளருக்கான கட்டைகள் சற்று வெளிப்பக்கம் வளைந்திருக்கும் என்பதால் இடத்தோளுக்கு மாறினால் கட்டையையும் வளைக்க வேண்டும். சூடான எண்ணெயில் வைத்து வளைக்கும் இந்த வேலையைத் தெரிந்த கன்ஸ்மித்திடம் விடுங்கள்.

பழைய துப்பாக்கியில் எவை நம்பகமானவை? அடுக்குக்குழலில் மிரோக்கு எம்கே 60, எம்கே 70, பெரெட்டாவின் 686 குடும்பம், பிரௌனிங்கின் 525. எல்லாவற்றுக்கும் பிரிட்டனில் உதிரிபாகம் கிடைக்கும். இணைக்குழலில் ஸ்பெயினின் எய்பார் ஊரில் செய்யப்படும் ஏஒய்ஏ. அதில் யோமன் எஜெக்டர் இல்லாதது, நம்பர் 4 எஜெக்டர் உள்ளது. ரஷ்ய பைக்கால் அழகில்லாதது, கனமானது, ஆனால் சேற்றிலும் மழையிலும் வருத்தப்படாமல் புழங்கலாம். பர்மிங்ஹாமில் நூறாண்டுக்கு முன் செய்த பாக்ஸ்லாக் (இயங்கு பாகங்கள் உடலுக்குள்ளேயே அடங்கிய) இணைக்குழல்கள் இன்று சில நூறு பவுண்டுக்கே கிடைக்கின்றன, கையில் எடுத்தால் விட மனம் வராது. அவற்றில் பல 65 மி.மீ. அறை, மெல்லிய குழல், இறுகிய சோக். ஸ்டீலுக்கு ஆகாது. ஈயத்துக்கு மாற்றான பிஸ்மத் உலோக ரவைத் தோட்டா போடலாம், அதன் விலை உங்கள் முகத்தை மாற்றிவிடும். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

துப்பாக்கியை மடித்துக் குழலைக் கழற்றினால் அடிப்பகுதியில் முத்திரைகள் தெரியும். குழலின் வலுவைச் சோதிக்கும் லண்டன், பர்மிங்ஹாம் ஆகிய இரு சோதனைச் சாலைகளில் ஒன்றின் குறியோ, ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளின் ஏற்கப்பட்ட குறியோ இருக்க வேண்டும். சோதனை செல்லாமல் போன துப்பாக்கியை விற்பது 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறையின் நீளத்தைப் படியுங்கள். தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் அது வெடித்து விரிந்த பிறகான நீளம், 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும், வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். "உள்ளே போகிறதே" என்பது சோதனையே இல்லை. பூவிதழ் போன்ற ஃப்ளர்-டி-லி குறி இருந்தால் அதிக அழுத்த ஸ்டீலுக்கும் சோதித்தது. அது இல்லாமல் 70 மி.மீ. அறையும், புகையில்லா வெடிமருந்துக்கான நைட்ரோ சோதனைக் குறியும் மட்டும் இருந்தால், பெட்டியில் "ஸ்டாண்டர்ட் ஸ்டீல்" என்று எழுதிய, 12 போரில் 3.25 மி.மீ.க்கு மேற்படாத ரவைத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரை சோக்குக்கு மேல் இறுகியது வேண்டாம். ஈயம் நசுங்கி வழிவிடும், ஸ்டீல் நசுங்காது; இறுகிய முனையில் குழல்தான் வீங்கி மோதிரம்போல் தடிக்கும். ஸ்டீல் இயல்பாகவே கூட்டமாகப் போகும் என்பதால் கால் சோக்கிலேயே ஈயத்தின் அரை சோக் விளைவு கிடைக்கும். பழைய முழு சோக்கைக் கன்ஸ்மித் கடைந்து தளர்த்தித் தருவார். திரும்ப இறுக்குவது எளிதில்லை.

பிறகு கையால் சோதியுங்கள். குழலின் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். குழலுக்கும் உடலுக்கும் நடுவே கிளிக் என்ற ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடைவெளியில் ஒளிக்கீற்றும் தெரியலாம். சீராக்கலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். குழலைத் தனியே விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள்: கோயில் மணிபோல ரீங்கரிக்க வேண்டும். உடைந்த பானைபோல "டொப்" என்றால் குழல்களை இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது, உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும். குழலுக்குள் ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். ஒளி வளையங்கள் ஒரே சீராக இல்லாமல் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கலோ வீக்கமோ இருக்கிறது. கட்டை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். சுவரின் கனத்தைக் கடைக்காரர் கருவி வைத்து உங்கள் முன்னால் அளக்கட்டும். எங்காவது 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வரும் முன் பேரம் பேசலாம், எடுத்துவர முடியாது. விற்பவர் உங்கள் ஷாட்கன் சான்றிதழில் விவரத்தைப் பதிவார். இருவரும் ஏழு நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழல் 24 அங்குலத்துக்குக் குறைந்தால் அது ஷாட்கன் சான்றிதழில் அடங்காது. பழைய குழலை யாராவது அறுத்திருந்தால் டேப் வைத்து அளந்து பாருங்கள். காட்டுப்புறா விளைச்சலைத் தின்பதைத் தடுக்கச் சுடுவது, அரசு எல்லோருக்குமாக வெளியிடும் பொது உரிமத்தின் கீழ் வரும். அந்த ஆண்டுக்கான நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிட்டுச் செல்லுங்கள்.

வயலில் துப்பாக்கி வெடித்துக் குழல் பிளப்பது எப்போதாவது நடக்கிறது. காரணம் ஏறக்குறைய எப்போதும் அடைப்புதான். வழுக்கி விழும்போது குழல் முனையில் அடைபடும் ஒரு கைப்பிடிச் சேறு போதும். விழுந்தாலோ, முனை மண்ணில் பட்டாலோ, வெடிச்சத்தம் மந்தமாகக் கேட்டாலோ, உடனே திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்க்க வேண்டும். மந்தச் சத்தம் என்றால், தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கை உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் 12 போரும் 20 போரும் சேர்ந்து இருந்தால் ஆபத்து இன்னும் நுட்பமானது: 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கி முன்னால் போய் நின்றுவிடும், அறை காலியாகத் தெரியும், அதன் பின்னால் 12 போர் தோட்டாவும் நுழையும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான், ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. இரண்டுக்கும் ஒரே மழைக்கோட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

தோட்டா வாங்கும் முன் விவசாயியிடம் தக்கையைப் பற்றிக் கேளுங்கள். மாடோ ஆடோ மேயும் நிலத்தில் பிளாஸ்டிக் தக்கையை யாரும் விரும்புவதில்லை. ஈயத்துக்கு நார்த் தக்கை கிடைக்கும். ஸ்டீல் குழலை உரசாமல் போக உறுதியான கிண்ணத் தக்கை வேண்டும், மட்கும் பொருளில் செய்தவை இப்போது வருகின்றன. முதலில் மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி, 25 தோட்டா, வாங்குங்கள். ஒரு பெட்டி ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் வயலுக்கு அதைவிட அதிகம் சுமக்கத் தேவையில்லை. 16 கஜத்தில் பெரிய தாளைக் கட்டி, நடுப்புள்ளியைப் பார்த்தபடி யோசிக்காமல் தோளேற்றி உடனே சுடுங்கள், ஐந்து முறை. கூட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் கட்டையில் பதினாறில் ஓர் அங்குலத் திருத்தம் தேவை. இரண்டு மூன்று அங்குலம் மேலே போனால் விட்டுவிடுங்கள். எழும் பறவைக்கு அது உதவி. அடுத்து 30 கஜத்தில் ஒவ்வொரு குழலுக்கும் ஐந்து தாள். அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுங்கள். உள்ளங்கை அகல வெற்றிடம் எல்லாத் தாள்களிலும் தெரியும் தோட்டாவைத் தள்ளிவிட்டு, மீதியில் சீராக விழுந்ததை 250 கொண்ட பெட்டியாக வாங்கிவையுங்கள்.